பொருந்தாததை அடிக்கவும்

நான் ஒரு கணினி என்று நீண்டகால ஆதரவுத் துறை முடிவு செய்து இன்றோடு ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். இப்போதும் அதே வேலைதான் பார்க்கிறேன். ஆனால் கம்பெனிப் பதிவேட்டில் என் பெயர் ஆட்கள் பக்கத்தில் இல்லை. தளவாடங்கள் பக்கத்தில், ஏணிக்கும் துளை போடும் மெஷினுக்கும் நடுவில் இருக்கிறது. ஏணிக்கு மேலேயாவது போட்டிருக்கலாம் என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

எப்படி நடந்தது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். எழுதுவது எனக்கு அனுமதிக்கப்பட்ட காரியமா என்று தெரியவில்லை. தயவுசெய்து யாரும் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் என் மனைவிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. போகும் என்று முன்னாடியே சொல்லியிருந்ததால், மருத்துவமனையில் அவளை ஒரு அறையில் உட்காரவைத்து மூன்று நாள் வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அதைக் கையகலப் பெட்டி ஒன்றில் அடைத்து எங்கள் வீட்டுக் கணினியோடு இணைத்துக் கொடுத்தார்கள். அவள் தட்டச்சு செய்தால் பெட்டி அவள் குரலிலேயே பேசும். அந்த மூன்று நாளும் அவளுக்கு லேசாக ஜலதோஷம். அதனால் ம, ன வருகிற இடங்களில் கொஞ்சம் மூக்கடைப்பு இருக்கும். "என்ன மனுஷன் நீங்க" என்று அவள் சொன்னால் முழுக்க முழுக்க ஜலதோஷம்தான். அவள் அதிகம் சொல்கிற வாக்கியமும் அதுதான்.

அடுத்தபடியாக அவளுக்குப் பிடித்தது என்னைப் போலப் பேசிக்காட்டுவது. லிஃப்ட் நடுவில் நின்று யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் நான் வெளியிலிருந்து குரல் கொடுப்பேன்: "பதட்டப்படாதீங்க. காத்து வருது. நான் பக்கத்துலதான் இருக்கேன்." இருபத்திரண்டு வருடமாக வார்த்தை மாறாமல் சொல்லி வருகிறேன். பாதி நேரம் நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், எட்டு மாடிக்குக் கீழே மூச்சு வாங்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருப்பேன். இது அவளுக்குத் தெரியும். விருந்தாளிகள் வந்தால் சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

பெட்டியைச் செய்த நிறுவனம் மூடி மூன்று வருடமாகிறது. மூடிய பிறகு ஒருநாள் கணினிக் கடை வைத்திருக்கிற என் மச்சினன், அக்காவுக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கணினியை முழுக்கப் புதுப்பித்தான். பெட்டி ஊமையாகிவிட்டது. வீட்டில் ஒருநாளாவது அமைதி கிடைத்தால் தேவலை என்று ஏங்கும் கணவன்மார்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன், அது நன்றாக இருக்காது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். சத்தம் வரவில்லை. சாயங்காலம் வரை தாங்கினேன், பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன்.

மறுநாள் மச்சினன் பழையதைத் திரும்பப் போட்டான். பெட்டி "எங்க போச்சு உங்க மூளை ரெண்டு பேருக்கும்" என்று பேசத் தொடங்கியது. காதில் தேன் பாய்ந்தது.

"மாமா, கம்ப்யூட்டருக்குள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கு," என்று பிறகு தன் கடையில் வைத்து மச்சினன் விளக்கினான். "பொட்டி, ஸ்பீக்கர், கீபோர்டு, எல்லாத்துக்கும் நடுவுல நின்னு வேலை வாங்கறது அதுதான். ஒன்பது வாரத்துக்கு ஒருக்கா புதுசு வரும். ஒண்ணு ரெண்டை மட்டும் பல வருஷம் வச்சுக் காப்பாத்துவாங்க. அதுல புதுசா ஒண்ணும் சேர்க்க மாட்டாங்க, ஓட்டையை மட்டும் அடைப்பாங்க. அதுக்குப் பேர்தான் நீண்டகால ஆதரவு."

"எது நல்லது மாப்ள?"

"புதுப் பொட்டி வாங்கினவனுக்குப் புதுசு நல்லது. அவன் பொட்டியில இருக்கறது பழசுக்குத் தெரியாது. உங்களுக்குப் பழசுதான். அக்காவோட பொட்டியைப் புதுசுக்குத் தெரியாது."

இவ்வளவுதான் விஷயம். ஒரு தெருவோரக் கடையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதைத் தீர்மானிக்க ஏழு மாடிக் கட்டடமும் நானூறு ஊழியர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நீண்டகால ஆதரவுத் துறை முதலில் ஆதரவற்ற மனிதர்களுக்காக ஆரம்பிக்கப்பட்டது. ஆதரவற்றவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது அதன் நோக்கம். யார் ஆதரவற்றவர் என்பதற்கான தகுதிகளை வருடா வருடம் கடுமையாக்கி, எண்ணிக்கையைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து சாதித்துவிட்டார்கள். வேலை இல்லாமல் துறை திகைத்து நின்ற சமயத்தில், கணினிகளிலும் 'நீண்டகால ஆதரவு' என்று ஒன்று இருப்பதாக மேலிடத்தில் யாரோ படித்திருக்கிறார். மறுவாரமே நாட்டிலுள்ள வீட்டுக் கணினிகளெல்லாம் துறையின் கீழ் வந்துவிட்டன. ஆட்கள் அதே ஆட்கள். படிவங்களும் அதே படிவங்கள், 'கணினி' என்ற சொல்லை மட்டும் அங்கங்கே சேர்த்திருந்தார்கள்.

எங்களுக்கு அறிவிப்பு வந்தது. வீட்டுக் கணினியில் புதிய கரு (கெர்னலுக்குத் துறை வைத்த தமிழ்ப் பெயர்) ஓட வேண்டுமா, நீண்டகால ஆதரவுக் கரு ஓட வேண்டுமா என்று முப்பது நாளுக்குள் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் முப்பத்தோராம் நாள் காலை கணினி தானாகவே புதியதற்கு மாற்றப்படும். இணைப்பைப் பிடுங்கி வைக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனத்துக்கு: இணைப்பில்லாத கணினி ஆதரவற்றதாகக் கருதப்பட்டு வண்டியில் ஏற்றிச் செல்லப்படும்.

"போய் எழுதிக் குடுத்துட்டு வாங்க," என்றாள் மனைவி. "எதைக் கேட்டாலும் தலையாட்டாதீங்க. படிச்சுப் பாருங்க."

நாலாம் நாள் போனேன். வாசல் காவலரிடம் "கரு விஷயமா வந்தேன்" என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மகப்பேறு மருத்துவமனை பக்கத்துக் கட்டடம் என்றார். அங்கேயும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

படிவத்தின் முதல் கேள்வியிலேயே இடறியது. 'ஆதரவு யாருக்கு? தனிநபர் / கணினி. பொருந்தாததை அடிக்கவும்.'

முகப்பு எழுத்தரிடம் கேட்டேன். "எங்க வீட்ல இருக்கறது தனிநபர் கணினிங்க. ரெண்டுமே பொருந்துதே?"

"பொருந்தறதை ஏன் அடிக்கறீங்க? பொருந்தாததைத்தான் அடிக்கணும்."

"பொருந்தாதது எதுவும் இல்லையே."

"அப்ப அடிக்காதீங்க."

அடிக்கவில்லை. படித்துப் பார்த்துத்தான் செய்தேன் என்பதை என் மனைவிக்கு இன்றுவரை நிரூபிக்க முடியவில்லை.

மற்றக் கேள்விகள் சுலபமாக இருந்தன. அடிக்கடி சூடாகிறதா? ஆகிறது. இயங்கும்போது சத்தம் வருகிறதா? வருகிறது, முக்கியமாக இரவில். கூப்பிட்டவுடன் செயல்படுகிறதா? கொஞ்சம் நேரம் எடுக்கும். தூசி தட்டுவது யார்? மனைவி. புகைப்படம் ஒட்டவும் என்றிருந்த இடத்தில் என் புகைப்படத்தை ஒட்டினேன். விண்ணப்பிக்கிறவன் நான்தானே.

பதினோராம் நாள் தபாலில் ஒரு அட்டை வந்தது. 'தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டு நீண்டகால ஆதரவு வழங்கப்பட்டுள்ளது.' என் படம், என் பெயர், நான் பிறந்த வருடம் பதிப்பு எண்ணாக. உடைமையாளர் என்ற இடத்தில் மனைவி பெயர். கீழே பொடி எழுத்தில்: 'இப்பொருளில் புதிய அம்சங்கள் எதையும் சேர்க்கக் கூடாது. ஓட்டை அடைப்பும் பழுது நீக்கமும் மட்டும் அனுமதிக்கப்படும்.' ஆதரவு முடியும் நாள் என்ற கட்டத்தில், 'பின்னர் அறிவிக்கப்படும்.'

மனைவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தட்டினாள். "உங்களை எனக்குப் பதிவு பண்ணிக் குடுத்திருக்காங்க. கம்ப்யூட்டர் எங்க?"

சிரிப்பாகத்தான் இருந்தது, மறுநாள் வேலைக்குப் போகும்வரை. அட்டையின் நகல் கம்பெனிக்கும் போயிருந்தது. அடுத்த வாரம் புது மாதிரி லிஃப்டுகளுக்கான பயிற்சியில் நான் சேரவேண்டும், முடிந்ததும் மேற்பார்வையாளர் ஆக வேண்டும். மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், உடனே எழுந்திருக்கவும் சொன்னார்.

"பயிற்சி புது அம்சம்ங்கறாங்க. பதவி உயர்வும் அப்படித்தான். சட்டம் தெரிஞ்சே மீற முடியாது இல்லையா?" என்றார். "ஆனா பாருங்க, உங்களுக்கு இதுல ஒரு பாதுகாப்பு இருக்கு. உங்களை வேலையைவிட்டுத் தூக்க முடியாது. பழுதாகற வரைக்கும் வச்சிருக்கணும்."

எல்லோருக்கும் புதுச் சீருடை வந்தது. எனக்குப் பழையதில் ஒட்டுப்போட்டுத் தந்தார்கள். கண்ணாடிக் கடையில் பார்வை குறைந்திருக்கிறது என்று சோதித்துச் சொன்னவர், அட்டையைப் பார்த்ததும் பழைய பவரிலேயே புதிதாகக் கீறல் இல்லாத கண்ணாடி போட்டுத் தந்தார். பவரைக் கூட்டினால் அது புது அம்சமாம். இப்போது உலகம் பழையபடியே மங்கலாக, ஆனால் கீறல் இல்லாமல் தெரிகிறது.

பதினான்காம் நாள் மச்சினன் ஓடிவந்தான். "மாமா, உங்களைத்தான் பதிஞ்சிருக்காங்க. கம்ப்யூட்டர் பதிவாகவே இல்ல. இன்னும் பதினாறு நாள் போச்சுன்னா மறுநாள் காலையில அதுவே மாறிடும். அக்கா குரல் போயிடும்."

மறுபடியும் ஓடினேன்.

மூன்றாம் மாடி புதுமைப் பிரிவு, நாலாம் மாடி நிலைப் பிரிவு. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என் கோப்பு இரண்டு மாடிக்கும் பொதுவானது என்பதால் முதலில் மூன்றாம் மாடியில் நிறுத்தினார்கள். அங்கே ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை சுவருக்கு வேறு நிறம் அடிப்பார்களாம். அடித்து முடிக்கப் பதினோரு வாரம் ஆகும் என்பதால் எந்தச் சுவரிலும் எந்த நிறமும் முழுதாக இல்லை. அதிகாரி நாற்காலியின் பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் இன்னிக்குக் காலையிலதான் வந்தேன். முன்னாடி இருந்தவர் எங்கன்னு கேக்காதீங்க. போனதைப் பத்தி இங்க பேசறதில்ல," என்றார். "உங்க பிரச்சினைக்கு ஒரே தீர்வு, புதுசுக்கு மாறுறது. ஒன்பது வாரத்துக்கு ஒருக்கா நீங்க வேற ஆளா இருக்கலாம். போன தடவை இருந்த கோளாறு எதுவும் இருக்காது. அது வேற கோளாறா மாறியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள நீங்க அடுத்ததுக்குப் போயிடுவீங்க. இதைத்தான் நாங்க முன்னேற்றம்ங்கறோம். கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க. பதினெட்டு வருஷம்."

"பழைய இணைப்பு." குறித்துக்கொண்டார். "புதுப்பிச்சதுக்கப்புறம் அது வேலை செய்யும்னு நாங்க உத்தரவாதம் தர்றதில்ல."

வேண்டாம் என்று நாலாம் மாடிக்குப் படியேறினேன். அங்கே சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு நிமிடம் பின்னால் ஓடியது. எல்லோருக்கும் தெரியும். மனதுக்குள் கூட்டிக்கொள்வார்கள். ஒருமுறை யாரோ திருத்திவிட, ஒருநாள் முழுக்க அலுவலகம் பன்னிரண்டு நிமிடம் முன்னால் வீட்டுக்குப் போய்விட்டதாம். மறுபடியும் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்கள்.

நாலாம் மாடி அதிகாரி சாந்தமானவர். என் கதையை முழுக்கக் கேட்டார். இடையில் ஒரு முறைகூடக் கொட்டாவி விடவில்லை.

"நீங்க கணினி இல்லைங்கறது எனக்கே பார்த்தா தெரியுது," என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா எனக்குத் தெரியறது வேற, துறைக்குத் தெரியறது வேற. நான் தப்பு பண்ணா அது தப்பு. துறை பண்ணா அது பதிவு. மூணாம் மாடிக்காரங்க இன்னும் கண்டுபிடிக்காத தப்புகளை மக்கள் தலையில கட்டறாங்க. நாங்க அப்படியில்ல. கண்டுபிடிச்ச தப்பை மட்டுந்தான் வச்சிருக்கோம். எந்தத் தப்பு எங்க இருக்குன்னு எங்களுக்கு விரல் நுனியில. மக்களும் அதுக்குப் பழகிட்டாங்க. பழகின தப்பைத் திருத்தினா அவங்க எங்க போவாங்க?"

"சார், முப்பது நாள் முடிஞ்சா எங்க வீட்ல பேச்சே நின்னுடும். தயவுபண்ணி அடிச்சுத் திருத்தி..."

"திருத்தலாம். ஓட்டைன்னு நிரூபணமானா திருத்தலாம். ஆய்வாளரை அனுப்பறேன். அவர் பார்த்துட்டு வந்து எது தனிநபர், எது கணினின்னு எழுதிட்டார்னா முடிஞ்சுது."

இருபத்துநாலாம் நாள் ஆய்வாளர் வந்தார். தலை நிமிராத மனிதர். வாசற்படியில் இடித்துக்கொண்டபோதுகூட எதில் இடித்தோம் என்று பார்க்காமல் நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டார். கூடத்து மேசையில் கணினியும் பெட்டியும் இருந்தன. மனைவி சமையலறை வாசலில் விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கைகட்டி நின்றேன்.

"பேர் என்ன?"

நான் எச்சில் விழுங்கினேன். அதற்குள் மனைவி தட்டிவிட, பெட்டி அவள் பெயரையும் என் பெயரையும் சொல்லிவிட்டது.

"எத்தனை வருஷமா இந்த முகவரியில?"

நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். "பதினொண்ணு," என்றது பெட்டி. "அவரைக் கேட்டா நாளைக்குத்தான் சொல்வார்."

"பதிவுல இன்னொண்ணு இருக்கே, அது எப்படி, சரியா ஓடுதா?"

"ஓடும். ரெண்டு தடவை சொல்லணும். சாப்பிட்டா தூங்கிடும்."

"புதுசுக்கு மாத்தறதுல சம்மதமா?"

"சம்மதமே இல்ல," என்றது பெட்டி. மூன்று ம, நல்ல மூக்கடைப்பு.

ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேசையைப் பார்த்துக்கூட அல்ல, மேசைக்காலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாளில் அறிக்கையின் நகல் வந்தது. 'வீட்டில் தனிநபர் ஒருவர் இருக்கிறார். பெண். கூடத்து மேசைமேல் வசிக்கிறார். தெளிவாகவும் துணிவாகவும் பேசுகிறார், லேசான ஜலதோஷம். கணினி ஒன்று உள்ளது. பழையது, மேசை அருகே நிற்கிறது. கேள்விகளுக்கு விடை தரத் தாமதமாகிறது, எச்சில் விழுங்கும் ஓசை வருகிறது. அதன் உடைமையாளர் மேற்படி தனிநபரே. கணினிக்கு ஏற்கெனவே ஆதரவு வழங்கப்பட்டிருப்பது சரியே. தனிநபர் புதியதற்கு மாறச் சம்மதிக்கவில்லை.'

இருபத்தொன்பதாம் நாள், மச்சினன் அடித்துக் கொடுத்த திருத்த மனுவை எடுத்துக்கொண்டு கடைசித் தடவையாகக் கிளம்பினேன். கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குள் நுழைந்தபோது நாலாம் மாடி அதிகாரியும் கோப்புக் கட்டோடு ஏறினார். அவரிடம் என் கோப்பே இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். மூன்றைத் தாண்டியதும் தலைக்கு மேலே ஒரு கிறீச். எனக்குத் தெரிந்த சத்தம். கதவு உருளை தேய்ந்திருந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது. உள்கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தால் மார்புக்கு மேலே நாலாம் மாடி, கீழே மூன்றாம் மாடி.

பழக்க தோஷத்தில் வாய் தானாகச் சொன்னது. "பதட்டப்படாதீங்க. காத்து வருது. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

"பக்கத்துலதான் இருக்கீங்கன்னு தெரியுது, கால் மிதிபடுது," என்றார் அதிகாரி. "இது ஒண்ணும் புதுசில்ல. இந்த லிஃப்டும் நீண்டகால ஆதரவுலதான் இருக்கு. பதினோரு வருஷமா இதே கோளாறு. ரொம்ப நிலையான கோளாறு. யாராவது வருவாங்க."

"யார் சார்?"

"லிஃப்ட் மெக்கானிக்."

சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"நீங்க ஆதரவுல இருக்கற பொருளாச்சே. கதவைத் திறக்கறது புது அம்சமா, பழுது நீக்கமா?" யோசித்தார். "மூடியிருக்கறது திறக்குது. நிலைமை மாறுது. மாறினா அது மாற்றம். மாற்றம்னா புது அம்சம். வேண்டாம், வச்சிடுங்க."

வைத்துவிட்டேன். விசிறி நின்றுபோயிருந்தது. கால் மணி நேரத்தில் அவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். அரை மணி நேரத்தில் கதவைத் தட்டி மூன்றாம் மாடிக்காரர்களைக் கூப்பிட்டார், பதினோரு வருடத்தில் முதல் முறையாக. "நாங்க போனதைப் பத்திப் பேசறதில்லீங்க," என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. முக்கால் மணி நேரத்தில் தரையில் உட்கார்ந்து என்னை அண்ணே என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்.

"அண்ணே, இந்தக் கதவு முன்னாடியும் திறந்திருக்கில்ல? அப்ப திறக்கறது பழைய அம்சந்தானே?" என்று முழங்காலில் கோப்பை வைத்து ஓர் உத்தரவு எழுதினார், ஒருமுறைக்கு மட்டும். "உங்க மனுவையும் குடுங்க. கையோட போட்டுத் தரேன். நீங்க மறுபடியும் ஆளாயிடலாம்."

நீட்டினேன். பயிற்சி, மேற்பார்வையாளர் நாற்காலி, கூடின பவரில் ஒரு கண்ணாடி, எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது. வாங்கிக்கொண்டவர், பேனாவைத் திறந்தபடி ஆறுதலாகப் பேசினார். "ஒரு கோப்புக்கு ஒரு தனிநபர், ஒரு கணினி. அவ்வளவுதான். நீங்க தனிநபர் ஆனதும் மேசை மேல இருக்கறவங்க கணினி ஆயிடுவாங்க. பதிவில்லாத கணினி. நாளன்னிக்குக் காலையில அவங்களும் புதுசாயிடுவாங்க. எல்லாருக்கும் நல்லதுதானே?"

"உடனே நீண்டகால ஆதரவுக்குப் பதிஞ்சுடலாமே சார்?"

"தாராளமா. முப்பது வேலை நாள்ல முடிஞ்சுடும்."

"அதுக்குள்ள மாறிடுமே. மாறினா குரல் வராது. ரெண்டு பேரையும் தனிநபரா எழுதக் கூடாதா?"

"படிவத்துல பன்மை இல்லண்ணே," என்றார், உண்மையான வருத்தத்தோடு.

எத்தனையோ பேரை லிஃப்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்திருக்கிறேன். வெளியே வந்ததும் ஒவ்வொருவரும் ஒரு மூச்சு விடுவார்கள். அந்த மூச்சு எனக்கும் ஒன்று வேண்டும் என்று நெஞ்சு துடித்தது, பொய் சொல்லவில்லை. கூடவே அந்த ஒருநாள் ஞாபகம் வந்தது. அவள் தட்டிக்கொண்டே இருந்ததும், சத்தம் வராததும், அவள் என்னைப் பார்த்த பார்வையும்.

"அதைக் குடுங்க சார்," என்றேன். மனுவை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். "இந்த அறிக்கையில 'சம்மதிக்கவில்லை'ன்னு இருக்கு பாருங்க. அதுக்குக் கீழ போடுங்க கையெழுத்தை. தனிநபரைச் சம்மதம் இல்லாம மாத்த முடியாதே."

"அப்ப நீங்க?"

"நான் இப்படியே இருக்கேன்."

"நல்ல முடிவு," என்றார் அதிகாரி. "மாறாம இருக்கறவங்களைத்தான் எனக்குப் பிடிக்கும்." கையெழுத்துப் போட்டார்.

இரண்டே நிமிட வேலை. உள்கதவை விலக்கி உருளையை நெம்பினேன், வெளிக்கதவு திறந்தது. கீழே மூன்றாம் மாடிக்குக் குதிப்பது சுலபம். அந்தத் தரையில் கால் வைக்கமாட்டேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றதால், நாலாம் மாடிக்கு அவரை நான் தோளில் ஏற்றித் தள்ளவேண்டியிருந்தது. மேலே போனதும் அந்த மூச்சை விட்டார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு, அங்கே நின்றிருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "நல்ல மெஷின்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு பெட்டி பேசியது.

"என்ன மனுஷன் நீங்க."

"அதுதான் இல்லையே," என்றேன். சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை. "எனக்கும் ஒருநாள் இதுலேர்ந்து வெளிய வரணும்னு இருக்கும்மா. எப்பன்னு அட்டையில பாரு."

அவள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். அதில் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்றுதான் போட்டிருக்கிறது, அவளுக்கும் தெரியும். கீழே வைத்தாள். விசைப்பலகையை மடியில் இழுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மெதுவாகத் தட்டினாள்.

"பதட்டப்படாதீங்க. காத்து வருது. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

'நான்' என்ற இடத்தில் மூக்கடைப்பு இருந்தது.